கண்ணுக்குள் தண்ணீர் இறைப்பவர்கள்

மார்ச் 3, திங்கள்

இன்றும் பனி. மாசி பாதி தாண்டிவிட்டது, இன்னும் விடுவேனா என்கிறது. காலையில் வாசலுக்கு வந்தால் எதிரே வரிசையாக இருக்கும் லயன் வீடுகள் தெரியவில்லை. தேயிலைச் சரிவு முழுவதும் பால் ஊற்றியது போலக் கிடந்தது. வால்பாறைக்குப் பனி புதிதில்லை, எனக்கும் புதிதில்லை. பேத்தி தன்ஷிகாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, துணி துவைத்து, சோறு வடித்து, இப்போதுதான் உட்கார்கிறேன். வெயில் நன்றாக அடிக்கிறது. எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது.

இந்த டைரியை என் மகன் இசக்கிராஜ் கொடுத்தான். திருப்பூரில் அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கிடைத்ததாம். "எதையாவது எழுதிக்கிட்டு இரும்மா, பொழுது போகும்" என்றான். எனக்குப் பொழுது போகாமல் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். எஸ்டேட் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது, கொழுந்துக் கூடைதான். அந்த ஐந்து வகுப்பிலும் கையெழுத்துக்கு நான்தான் முதல். இன்றைக்கும் பேராச்சி எழுதினால் கோடு போடாத தாளிலும் வரி வளையாது.

இசக்கியும் மருமகள் வளர்மதியும் திருப்பூரில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஷிப்டு வேலை. பிள்ளை என்னிடம் வளர்கிறாள், மூன்றாம் வகுப்பு, கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. "இங்கயே கூட்டிட்டு வந்துரட்டுமா?" என்று இசக்கி அவ்வப்போது ஆரம்பிப்பான். தேயிலைக் காட்டு வழியே பள்ளிக்கூடம் போகிறாளே என்று அவனுக்குப் பயம். "நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற வரைக்கும் உனக்கு என்னடா பயம்?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிடுவேன். இந்தச் சரிவில் ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்தவள். யானை எந்தப் பக்கம் இறங்கும், காட்டுமாடு எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாததா?

அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அதை இசக்கியிடம் சொல்ல மாட்டேன். இங்கே எழுதியாயிற்று, போதும்.

மார்ச் 9, ஞாயிறு

கடையில் அரிசி சரியில்லை. சோற்றில் கல் கல்லாக வருகிறது. "நான் பொறுக்குறேன் ஆச்சி" என்று தன்ஷி முறத்தை வாங்கிக்கொண்டாள். பொறுப்பான பிள்ளை.

புது பல்பும் சரியில்லை. விடியற்காலையில் போட்டால் சுற்றிலும் வானவில் போல வளையம் விழுகிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்துக்கு என்னோடு வாக்குவாதம் செய்யாவிட்டால் டீ இறங்காது. அவள் கொழுந்துக்குக் கிளம்பும்போது என்னை வழியில் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, தரையத் தடவித் தடவி நடக்குறீங்க?"

"பனி தெரியலையா உனக்கு?"

"பனியா? வெயிலு பல்லக் காட்டிட்டு நிக்குது. எந்த ஊருப் பனி?"

"உனக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு? போ, சூப்பர்வைசர் கத்தப் போறாரு."

சிரித்துக்கொண்டே போனாள். பனி இடத்துக்கு இடம் மாறும். அவள் வாசலில் இல்லாதது என் வாசலில் இருக்கும்.

தன்ஷிக்குத்தான் பயந்த சுபாவம். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க, "ஆச்சி கல்லு, ஆச்சி சேறு, இந்தா படி" என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். சொல்லட்டும். பேசிக்கொண்டே நடந்தால் பிள்ளைக்குப் பயம் தெரியாது.

மார்ச் 20, வியாழன்

கோடை மழை. எல்லாம் ஈரம். மத்தியானமும் பனி விலகவில்லை. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 26, புதன்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் வழக்கம்போல இறங்கினோம். எஸ்டேட் மருந்துக் கிடங்கு தாண்டி வழி வளையும் இடத்தில் பனி அடர்ந்து, கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. அங்கே பனி தேங்கும் என்பது எனக்குத் தெரியும். நடந்தேன். தன்ஷி கையை இழுத்தாள். "நேரமாச்சு, வா" என்றேன். அவள் இரண்டு கையாலும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆச்சி, நில்லு. யானை."

காதுக்குள் பேசுகிற குரல். எங்கே என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்தப் பனி காதை ஆட்டியது.

மூச்சு விடுவது கேட்கும் தூரம். நான் கல்லாக நின்றேன். பிள்ளைதான் என்னைப் பின்பக்கமாகவே ஓர் அடி, இன்னோர் அடி என்று இழுத்துக்கொண்டு வந்து கிடங்குச் சுவருக்குப் பின்னால் நிறுத்தினாள். யானை எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

எல்லாம் அடங்கிய பிறகு தன்ஷி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "உனக்குக் காலையில கண்ணு தெரியாதுல்ல ஆச்சி?"

"பனிடி."

"இல்ல ஆச்சி. பனி எப்பவோ போயிருச்சு."

அவள் பாவாடை மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"அப்பாகிட்ட நான் சொல்லல. சொன்னா என்னைய அங்க கூட்டிட்டுப் போயிருவாங்க. அதான் நானே பாத்துப் பாத்துக் கூட்டிட்டு வர்றேன்."

எட்டு வயது. இத்தனை நாளும் யார் யாரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது?

மார்ச் 27, வியாழன்

இசக்கிக்குப் போன் செய்தேன். "எனக்குக் காலையில கண்ணு தெரியலடா" என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளாததை அவனிடம் சொன்னேன். யானையையும் சொன்னேன். நான் மறைத்தால் அந்தப் பிள்ளையல்லவா சுமக்கிறது?

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "லீவு போட்டுட்டு வர்றேன்மா" என்றான். பின்னால் வளர்மதி அழுவது கேட்டது.

அதுவரைக்கும் தன்ஷியைப் புஷ்பத்தின் வீட்டுக்காரர் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரி. இசக்கி கூட வந்தான். வரிசை, சொட்டு மருந்து, திரும்பவும் வரிசை. கண்புரை என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா சின்ன வயது. மூக்குக் கண்ணாடி கன்னத்துக்கு நழுவிக்கொண்டே இருந்தது. அவரிடம் கேட்டேன்:

"எல்லாருக்கும் பொழுது சாய்ஞ்சாத்தானே கண்ணு மங்கும்? எனக்கு மட்டும் ஏம்மா காலையில மங்கி, மத்தியானம் தெளியுது?"

அதற்கு அவர் சொன்னதை மறக்குமுன் எழுதுகிறேன்.

கருவிழி என்பது கண்ணாடி மாதிரி ஒரு தோலாம். கண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் எந்நேரமும் அந்தத் தோலுக்குள் ஊறப் பார்க்கிறது. ஊறினால் தோல் உப்பிவிடும், கண்ணாடி பால் நிறமாகிவிடும். அப்படி ஆகாமல் காப்பதற்குத் தோலின் உள்பக்கத்தில் தளக்கல் பதித்ததுபோல ஒரே ஒரு வரிசை செல்கள். ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. அவை ராப்பகலாக உப்பைத் தோலிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். நான் தூங்கும்போதும், சண்டை போடும்போதும், என் பிள்ளையைப் பெற்றபோதும் அவை இறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. செத்துப்போனால் அந்தச் செல் திரும்ப முளைக்காது. எனக்குப் பாதிக்கு மேல் போய்விட்டதாம். மிச்சம் இருப்பவை மூச்சு வாங்க இறைக்கின்றன.

"அப்ப மத்தியானம் எப்படித் தெளியுது?"

"தூங்கும்போது கண்ணு மூடியிருக்கு பாட்டி, கண்ணீர் காயாது. ஊறின தண்ணி உள்ளயே தங்கிரும். எந்திரிச்சுக் கண்ணத் திறந்ததும் காத்துல கண்ணீர் காய ஆரம்பிக்கும். தண்ணி போனா உப்பு மிஞ்சுமில்ல? அந்த உப்பு, உள்ள இருக்கிற தண்ணிய வெளிய இழுக்குது. அதனாலதான் மழ நாள்ல உங்களுக்குத் தெளியறதே இல்ல."

மருந்து என்ன தெரியுமா? உப்புத் தண்ணீர்ச் சொட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்காலத்தில் எங்கள் காட்டில் காலெல்லாம் அட்டை ஏறும். இடுப்பில் உப்பு முடிந்துகொண்டுதான் கொழுந்துக்குப் போவோம். உப்பு பட்டால் அட்டை நீரை விட்டுச் சுருண்டு விழும்.

"ஏம்மா, அட்டைக்கு வைக்கிற உப்பையா என் கண்ணுக்கு வைக்கப் போறீங்க?"

"அம்மா!" என்று இசக்கி என் தோளைத் தட்டினான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அதே உப்பு, அதே வேலதான் பாட்டி. அட்டை உடம்புலயும் செல்லுதான். ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிசா ஒரு தோலு. தண்ணி அதத் தாண்டிரும், உப்பு லேசுல தாண்டாது. வெளிய உப்பு கூடினா உள்ள இருக்கிற தண்ணி கிளம்பி வந்துரும். அட்டைக்கு மொத்தமும் போயிருது. உங்களுக்கு ஊறின மிச்சம் மட்டும் போற மாதிரி அளந்து வெச்சிருக்கு."

மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இசக்கி வேறு எதையோ நினைத்துக்கொண்டு வந்தான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

எழுந்ததும் சொட்டு விட்டேன். தலைமுடி காய வைக்கிற மெஷினைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, சூடில்லாமல் காற்றுக் காட்டவும் சொல்லியிருந்தார்கள். வளர்மதி தன்னுடையதை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தாள். புஷ்பம் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குக் காட்ட இந்தக் கூந்தல் காய வைக்குறீங்க?"

"கூந்தல் இல்லடி. கண்ணு காய வைக்கிறேன்."

"கண்ணு இருக்கட்டும், அக்காவுக்கு மண்டை காஞ்சிருச்சு போல."

முதலில் ஜன்னல் கம்பி வந்தது. பிறகு முற்றத்துக் கொடி. பிறகு சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றாக, யாரோ வரைந்து கொடுப்பதுபோல. கடைசியில் எதிர் லயனின் நீலக் கதவு. வெளியே ஒன்றும் மாறவில்லை. என் கண்ணிலிருந்து ஒரு துளியிலும் துளி தண்ணீர் வெளியேறியது, மலை திரும்பி வந்தது. நான் மெஷினைப் பிடித்தபடியே நின்றேன். புஷ்பம் வேலைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

கண் எரிகிறது. இரண்டும் சிவந்துவிட்டன. ஏன் என்று எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இசக்கி போனில் டாக்டரம்மாவைப் பேச வைத்தான். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டு உப்பக் கரைச்சு ஊத்துனீங்களா பாட்டி?"

"இல்லையே" என்றேன்.

"இனிமே ஊத்தாதீங்க" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வாடின முளைக்கீரையைத் தண்ணீரில் நிறுத்திவிட்டு மறந்துபோனேன். அடுப்பு வேலைக்கு நடுவில் திரும்பிப் பார்த்தால், படுத்திருந்த இலையெல்லாம் எழுந்து நிற்கிறது. எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்! இன்றுதான் பார்த்தேன்.

"ஆச்சி, ஒண்ண உப்புத் தண்ணில வெச்சுப் பாப்பமா?" என்றாள் தன்ஷி. வைத்தாள். நாங்கள் பல்லாங்குழி ஆடி முடிப்பதற்குள் அந்தத் தண்டு மட்டும் கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. "செத்துருச்சா?" என்று கேட்டாள். நல்ல தண்ணீருக்கு மாற்றினோம். எழுந்திருக்கிறதா என்று மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்தோம். சாயங்காலம் அரைத் தலை நிமிர்ந்தது. இரண்டு பேரும் கை தட்டினோம்.

கொழுந்து நினைவுக்கு வந்தது. நான் வாழ்நாளெல்லாம் கிள்ளிய கொழுந்துக்கு எலும்பு கிடையாது. அதை விறைப்பாக நிறுத்தியது உள்ளே இருந்த தண்ணீர். ஃபாக்டரி மாடியில் காற்று விட்டு வாட்டும்போது அந்தத் தண்ணீர் போய்த்தான் இலை துணி மாதிரித் துவள்கிறது. தோல் போர்த்திய தண்ணீரையா இத்தனை காலம் கூடை கூடையாகச் சுமந்தேன்? நானும் அதுதான். புஷ்பமும் அதுதான். அன்றைக்கு வழியில் நின்ற யானையும் அதுதான். கோடிக் கோடித் துளிகள், ஒவ்வொரு துளிக்கும் ஒரு தோல், ஒவ்வொரு தோலும் எது வரலாம் எது போகலாம் என்று காவல் நிற்கிறது. நினைத்தால் தலை சுற்றுகிறது.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. இசக்கி வந்து தன்ஷியைத் திருப்பூருக்கு அழைத்துப் போனான். சொட்டு மருந்து கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும். இறைக்கும் செல்கள் குறையக் குறைய உப்பாலும் முடியாது. இறந்தவர் யாராவது கண் தானம் கொடுத்தால், அந்த ஒரு வரிசையை மட்டும் உரித்து எனக்கு வைப்பார்களாம். அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறோம்.

"ஜூன்ல இங்க வருவாளா?" என்று கேட்டேன்.

"முதல்ல கண்ணு சரியாகட்டும்மா" என்றான். அது பதில் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எனக்கு அளவு தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். கண் வந்திருக்கிறது, நாளைக்கே வரச் சொல்கிறார்கள். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் நேற்று யாரோ இறந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இப்போது அழுதுகொண்டிருப்பார்கள். விளக்கேற்றிக் கும்பிட்டேன். யாரைக் கும்பிடுகிறேன் என்று தெரியாமல் கும்பிட்டது இதுதான் முதல் தடவை.

மே 12, திங்கள்

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து இங்கேதான் வந்தேன். மகன் வீடு ஒற்றை அறை. கட்டிலில் நான், தரையில் மற்ற மூன்று பேர். மல்லாந்தே படுத்திருக்கச் சொன்னதால் இத்தனை நாள் எழுதவில்லை.

வலது கண். அந்த வரிசை அவ்வளவு மெல்லியதாம், உரித்ததும் பாய் போலத் தானே சுருட்டிக்கொள்ளுமாம். கண்ணுக்குள் விட்டு, விரித்து, கீழிருந்து ஒரு காற்றுக் குமிழியை அனுப்பி ஒட்ட வைத்தார்கள். தையல் கிடையாது. குமிழி தாங்கிப் பிடிக்க, நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். குமிழியின் விளிம்பு கண்ணுக்குள் ஆடுவது எனக்கே தெரிந்தது. அது நாளுக்கு நாள் சிறிதாகி, கரைந்துவிட்டது.

"ஆச்சி, உன் கண்ணுக்குள்ள காத்து இருக்கா? ஊதினா வருமா?" என்று தன்ஷி கேட்டாள். வளர்மதி அவள் வாயைப் பொத்தினாள். "கேக்கட்டும் விடு" என்றேன்.

மே 22, வியாழன்

விடிந்தும் விடியாத நேரத்தில் விழித்தேன். சொட்டு விடவில்லை, மெஷின் இல்லை. கண்ணைத் திறந்தேன், அவ்வளவுதான்.

தரையில் மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கியின் காதோரம் நரை. வளர்மதியின் விரல் நுனியில் நூல் அறுத்த தழும்பு. தன்ஷியின் இமை, முடி முடியாக. அவள் கால் அம்மா மேலும் கை அப்பா மேலும் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் கண்ணுக்குள் யாரோ ஒருவருடையது இறைத்துக்கொண்டிருக்கிறது. அவர் ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, சொல்ல மாட்டார்கள். அவர் போய்விட்டார், அவர் செல்கள் வேலையை நிறுத்தவில்லை. என் பேத்தியின் இமை முடியை நான் எண்ணுவதற்காக, முன்பின் தெரியாத ஒரு உடம்பின் துணுக்கு உப்பைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. யாரிடம் போய் இதற்கு நன்றி சொல்வது? அழுதால் கண்ணுக்கு ஆகாதோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

வால்பாறை. இசக்கி எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். தன்ஷி நாலு நாளாக அவனிடம் அடம் பிடித்திருந்தாள். "எனக்கு என் பள்ளிக்கூடந்தான் வேணும். ஆச்சிக்குத்தான் கண்ணு வந்துருச்சுல்ல?"

பஸ்ஸில் அவன் மெதுவாக ஆரம்பித்தான். "கண்ணு வந்துருச்சு, சரி. நாளைக்கு மெய்யாவே பனி இறங்கும். அதுல யாருக்கும் கண்ணு தெரியாது. அப்ப என்ன பண்ணுவ?"

"நடந்து பழகின வழிடா."

"அதான்மா எனக்குப் பயம். நீ நடந்துருவ."

கோபம் வந்தது. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"நாளைக்கு நானும் கூட வர்றேன். பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றான். வீட்டுக்கு வந்தும் பிள்ளையின் துணிப்பையை அவன் பிரிக்கவில்லை. கதவு ஓரத்திலேயே வைத்திருக்கிறான்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறப்பு. நான்காம் வகுப்பு. விடியும்போது சரிவு தெளிவாக இருந்தது, நீலக் கதவு வரைக்கும் தெரிந்தது. லயனில் இன்னும் சில பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். நான் முன்னால், இசக்கி கடைசியில். பிள்ளைகள் நடுவில்.

மருந்துக் கிடங்கு வரும்போது கீழேயிருந்து பனி ஏறியது. நிஜமான பனி, ஜூன் மாதத்துப் பனி. ஒரு நிமிஷத்தில் வழியை மூடிவிட்டது. எனக்கு நடக்கத்தான் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டாலும் கால் போகும் வழி. முதுகில் இசக்கியின் பார்வை குத்தியது. இப்போது கம்பீரமாக நடந்து காட்டினால் அவன் வாய் அடைத்துப் போகும் என்று ஒரு மனம் சொன்னது.

நின்றேன்.

"எல்லாரும் நில்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றேன்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, அதுவும் பிள்ளைகள் முன்னால். சத்தமாகத்தான் வந்தது.

"எனக்கும் தெரியல ஆச்சி" என்றாள் தன்ஷி. "எனக்கும்", "எனக்கும்" என்று பனிக்குள்ளிருந்து குரல்கள். கடைசியில் இசக்கி, "எனக்கும்தான்மா" என்றான்.

நின்றோம். ஒரு பையன், "பாட்டி, பெல் அடிச்சிருவாங்க" என்றான். "அடிக்கட்டும்" என்றேன். பனி அவசரப்படாமல் போனது. போன பிறகு பார்த்தால் வழியில் ஒன்றுமே இல்லை. யானை இல்லை, மாடு இல்லை. ஈரத் தார் ரோடு, அவ்வளவுதான். "இதுக்கா நின்னோம்!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஃபாக்டரிப் பக்கத்திலிருந்து பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடவில்லை.

திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் இசக்கி கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தப் பையைப் பிரித்தான். பாவாடை, சட்டை, ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினான். அவனுக்கு மடிக்கவே தெரியாது. எல்லாம் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது.

மத்தியான பஸ்ஸில் அவன் தனியாகப் போய்விட்டான். நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். சரி செய்யாமல் அப்படியே மூடிவிட்டேன்.